விரதக் கல்

கயத்தாறு தாண்டியதும் வண்டிக்குள் காற்று சுட ஆரம்பித்தது. ஓட்டிக்கொண்டிருந்த செண்பகவல்லி முதலில் அதைப் பிரமை என்றுதான் நினைத்தாள். சித்திரை வெயில் கண்ணாடி வழியே மடியில் விழுந்துகொண்டிருந்தது. அந்த வெயிலில் எதுதான் சுடாது. ஆனால் காற்றுத் துளையில் கையை வைத்துப் பார்த்தபோது சந்தேகம் தீர்ந்தது. விசிறி முழு வேகத்தில் சுற்றியது, காற்றும் குறையில்லாமல் வந்தது, குளிர் மட்டும் இல்லை.

பின்னால் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஐந்து பேருக்கும் சிறுநீரகம் கைவிட்டுவிட்டது. திங்கள், புதன், வெள்ளிக் கிழமைகளில் கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குப் போய், இயந்திரத்தில் இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு திரும்புகிறவர்கள். அவர்களில் ஒருவர் அவள் புருஷன் சுடலைமணி. வெயிலடித்தால் நாமெல்லாம் தண்ணீர் குடிப்போம். இவர்கள் குடிக்கக் கூடாது. குடித்தது வெளியேற வழியில்லாமல் நெஞ்சில் போய் நிற்கும். அதனால் இவர்களுக்கு வண்டியின் குளிர் சொகுசு அல்ல, மருந்து மாதிரி. அது அவளுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் வண்டியை வேகமாக விட்டாள்.

சுடலைமணி சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டுக்கொண்டார். கடைசி இருக்கையில் இருந்த பாக்கியநாதன் முன்னாள் பஸ் கண்டக்டர், ஆள் வாயாடி. ‘இறங்குறவங்க எல்லாம் இறங்குங்க, வண்டி இட்லிப் பானைக்குள்ள போகுது’ என்று சத்தம் கொடுத்து எல்லோரையும் சிரிக்க வைத்தார். கங்கைகொண்டான் வரும்போது அவரே தலை சாய்ந்து பக்கத்திலிருந்தவர் மேல் விழுந்தார். ஆஸ்பத்திரி வாசலில் அவரைத் தூக்கித்தான் இறக்க வேண்டியிருந்தது. அன்றைக்குப் பிழைத்துக்கொண்டார். ஆனால் சித்திரை முடிந்து வைகாசி வர வேண்டும், அதற்குள் எத்தனை திங்கள், எத்தனை புதன் இருக்கிறது என்று நினைக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

அந்த வண்டியின் குளிர்ப்பெட்டி பழைய காலத்து ஏசி அல்ல. குளிர் என்று தனியாக ஒரு பொருள் உலகத்தில் கிடையாது. இருக்கிற வெப்பத்தை அள்ளி வேறெங்காவது கொட்டினால் மிஞ்சுவதுதான் குளிர். பழைய ஏசிகள் அதைத் தெருவில் கொட்டின. காருக்குள் இருந்தவன் சட்டை மடிப்புக் கலையாமல் போனான், சைக்கிளில் போனவன் தலையில் அந்தச் சூடும் சேர்ந்து விழுந்தது. ஊரெல்லாம் ஏசி வைத்து ஊரையே அடுப்பாக்கிவிட்ட பிறகுதான் இணைகல் வந்தது. ஒரே படிகத்தை இரண்டாக அறுத்துச் செய்த ஜோடி அது. ஒன்றில் ஏற்றிய சூடு, எத்தனை மைல் தள்ளி இருந்தாலும், மற்றதில் வந்து நிற்கும். ஒரு கல் வண்டியில் இருக்கும். அதன் ஜோடியைக் கம்பெனி படகில் கொண்டுபோய் ஆழ்கடலில் போட்டுவிடும். ‘உங்கள் வெப்பம் யாரையும் தொடாது’ என்பது கம்பெனியின் விளம்பரம். எங்கே போகிறது என்று யாரும் கவலைப்பட வேண்டாம் என்பதே அதன் பெரிய கவர்ச்சி.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய கையோடு செண்பகவல்லி வண்டியை இருதயராஜ் பட்டறைக்கு விட்டாள். இருதயராஜ் அவளுடன் பள்ளிக்கூடத்தில் படித்தவன்; ஆனாலும் சுடலைமணியை அண்ணாச்சி என்பதால் அவளை மதினி என்பான். வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தான். காற்று வடிகட்டியைக் கழற்றினான்; கரிசல் தூசி ஒரு கைப்பிடி இருந்தது, தட்டிப் போட்டும் பயனில்லை. விசிறி சரியாக இருந்தது. கம்ப்ரசர் ஓடியது. எங்கேயாவது கேஸ் கசிகிறதா என்று இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பார்த்தான், ஒரு குமிழியும் வரவில்லை. கடைசியாக அழுத்தமானியை மாட்டியதும் புருவத்தைத் தூக்கினான். கேஸ் குறைந்திருந்தால் முள் கீழே கிடக்க வேண்டும். இதில் முள் மேலே போய் முட்டிக்கொண்டு நின்றது.

உள்ளே இருந்து சூட்டை அள்ளுகிற வேலை ஒழுங்காக நடக்கிறது, அள்ளியதைக் கொட்ட இடமில்லை, அதுதான் கோளாறு என்றான். அப்படியானால் கல்தான் பழுது. கல் பழுதாகி அவன் பார்த்ததில்லை. கம்பெனிக்குப் புகார் கொடுக்கச் சொன்னான். கொடுத்தாள். ஆள் வருவார் என்று இனிமையான குரலில் பதில் வந்தது. என்றைக்கு என்று அந்தக் குரலுக்குத் தெரியவில்லை.

அதுவரைக்கும் என்ன செய்வது? நம் ஊரில் எந்த இயந்திரம் மக்கர் செய்தாலும் எல்லோரும் சொல்கிற வைத்தியம் ஒன்று உண்டு: கொஞ்ச நேரம் ஓய்வு கொடு, தானாகச் சரியாகிவிடும். மிக்ஸிக்கும் அதுதான், மோட்டாருக்கும் அதுதான். செண்பகவல்லியும் அதைத்தான் செய்தாள். போகும்போது பாதி வழி ஏசியை நிறுத்திவைத்தாள். திரும்பும்போது போடவே இல்லை. ஈரத் துண்டுகளை ஐந்து பேர் தோளிலும் போட்டு, ஜன்னலைத் திறந்துவிட்டு ஓட்டினாள். கோளாறு குறையவில்லை. ஓய்வு கொடுக்கக் கொடுக்கக் கல் இன்னும் மோசமானது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியைத் துடைக்கும்போது தற்செயலாகக் கல்லின் மேல் கை பட்டுவிட்டது. சுரீர் என்று சுட்டது. விரலை உதறிக்கொண்டே யோசித்தாள். வண்டி முந்தின நாள் முழுக்க நிழலில் சும்மா நின்றிருந்தது. நின்ற வண்டியின் கல் எப்படிச் சுடும்? மத்தியானம் தொட்டுப் பார்த்தாள், ஆறியிருந்தது. சாயங்காலம் மறுபடியும் கொதித்தது. மறுநாளும் அப்படியே. காலையில் ஒருமுறை, விளக்கு வைக்கும் நேரத்தில் ஒருமுறை. இருபது வருஷமாகத் தினமும் இரண்டு வேளை சமைக்கிறவளுக்கு அந்தக் கணக்கு புரிய அதிக நேரம் ஆகவில்லை. பட்டறைக்குப் போய் இருதயராஜிடம் சொன்னாள்.

“ஏய்யா, அந்தப் பக்கத்துக் கல்ல எவளோ அடுப்புல வச்சு எரிக்கா.”

“கடலுக்கடியில ஏது மதினி அடுப்பு?”

“கடல்ல கெடந்தாத்தான?”

அவனுக்கு உடனே தன் மச்சினன் ஞாபகம் வந்தது. மச்சினன் தூத்துக்குடித் துறைமுகத்தில் அந்தக் கற்களை ஏற்றி இறக்கியவன். போனில் பிடித்து நயமாகக் கேட்டதில் விஷயம் வெளியே வந்தது. படகு பழுதாகி நின்ற ஒரு மாதத்தில், கடலில் போட வேண்டிய கொஞ்சம் கற்களை ஒரு குத்தகைக்காரர் லாரியில் ஏற்றி, கொடைக்கானலுக்கு மேலே பூதப்பாறை என்ற ஊரில் கொண்டுபோய் விற்றுவிட்டாராம். குளிர்ப் பிரதேசம். விறகு வேண்டாம், புகை வராது, கட்டிலுக்கடியில் வைத்தால் வீடே கதகதப்பாக இருக்கும் என்று சொல்லி விற்றிருக்கிறார். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை என்பதுதான் வேடிக்கை.

சனிக்கிழமை வண்டியைப் பட்டறையில் விட்டு, நாத்தனாரைப் புருஷனுக்குத் துணை வைத்துவிட்டுச் செண்பகவல்லி பஸ் ஏறினாள். ஆத்திரம் அடங்கவில்லை. கல்லை வாங்கிக்கொண்டு, அடுப்பில் வைத்தவளை நாலு கேள்வி நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட்டுத் திரும்ப வேண்டும் என்பதுதான் திட்டம். வத்தலக்குண்டு வரை அந்தக் கேள்விகளை மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனாள். மலை ஏற ஏறச் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

பூதப்பாறையில் பல வீடுகளில் கல் இருந்தது. தன்னுடையது எது என்று எப்படிக் கேட்பது? யோசித்துவிட்டு டீக்கடையில் விசாரித்தாள்: வாரத்தில் திங்கள், புதன், வெள்ளி மட்டும் சூடாகிற கல் யார் வீட்டில் இருக்கிறது? டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் தயங்கவே இல்லை. “விரதக் கல்லா? அமுதவேணி வீட்டுக்குப் போங்க” என்று கையைக் காட்டினார்.

மற்றவர்கள் வீட்டுக் கற்கள் எல்லா நாளும் கொஞ்சம் கொஞ்சம் சூடாக இருந்தன. இது மட்டும் மூன்று நாள் நன்றாகக் காயும், மற்ற நாட்களில் பட்டினி கிடக்கும். அதனால் ஊரார் வைத்த பெயர் அது. கல் எந்தச் சாமிக்கு விரதம் இருக்கிறது என்று ஊருக்குள் பெரிய விவாதமே நடந்திருக்கிறது. முருகனுக்கென்றால் செவ்வாய் அல்லவா வர வேண்டும் என்று ஒரு கட்சி. ஐந்து சிறுநீரக நோயாளிகளின் முறைநாள் அது என்று எந்தக் கட்சிக்கும் தோன்றவில்லை. தோன்றவும் வழியில்லை.

அமுதவேணிக்கு இருபத்தைந்து வயதிருக்கும். வாசலில் நின்றவளை யாரென்று கேட்காமலே உள்ளே கூப்பிட்டு, கதவைச் சாத்தினாள், குளிர் உள்ளே வருகிறதென்று. அறையில் கண்ணைக் கரிக்கிற புகை. அடுப்பில் விறகு எரிந்துகொண்டிருந்தது, அதன் மேல் பானை வைக்கிற இடத்தில் கல் உட்கார்ந்திருந்தது. மூலையில் துணிச் சுருளுக்குள் ஒரு குழந்தை கிடந்தது. செண்பகவல்லி அவ்வளவு சின்னக் குழந்தையைப் பார்த்ததில்லை. ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டது, உடம்பில் சதை பிடிக்கவில்லை, சூடு குறையாமல் வைத்திருங்கள், புகை மட்டும் ஆகவே ஆகாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லி வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அதற்காகத்தான் அந்தக் கல்லை வாங்கியிருக்கிறார்கள். கல் காய்கிற மூன்று நாளில்தான் குழந்தைக்குக் குளிப்பாட்டு. மற்ற நாட்களில் அம்மாவும் அப்பாவும் மாறி மாறி மார்போடு அணைத்து வைத்துக்கொள்வார்கள்.

ஒத்திகை பார்த்த கேள்விகளைச் செண்பகவல்லி மனதுக்குள்ளேயே மடித்து வைத்தாள். எப்போதிருந்து அடுப்பில் வைக்கிறீர்கள் என்று மட்டும் கேட்டாள். பங்குனிக் கடைசியில் ஒரு வாரம் கல் முழுப் பட்டினி கிடந்தது என்றாள் அமுதவேணி. திங்களும் போனது, புதனும் போனது, சூடு வரவில்லை. குழந்தையின் கைகால் நீலம் பாரித்தது. உயிர் போன கல்லுக்கு உயிர் கொடுப்பதாக நினைத்து அடுப்பில் ஏற்றினார்கள்.

“எவ்வளவு வெறகு வச்சாலும் திங்கிதுக்கா. தீனி போட்டா தேறிரும்னு நாங்களும் போட்டுக்கிட்டே இருக்கோம். தேற மாட்டேங்குது.”

செண்பகவல்லிக்கு அந்த வாரம் நன்றாக நினைவிருந்தது. சுடலைமணி காய்ச்சல் கண்டு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். அவள் கூடவே இருந்ததால் வண்டி எடுக்கவே இல்லை, மற்ற நாலு பேரும் பஸ்ஸில் போய்வந்தார்கள். அப்புறம் எடுத்தபோது குளிரவில்லை. குளிராததால் இவள் ஓய்வு கொடுத்தாள். இவள் ஓய்வு கொடுத்ததால் அங்கே கல் ஆறியது. ஆறியதால் அவர்கள் தீ போட்டார்கள். தீ போட்டதால் இங்கே குளிரவில்லை. இரண்டு பொம்பளைகள் மலைக்கு மேலும் கீழுமாக நின்றுகொண்டு, ஒரே கோளாறைத் திருத்துவதாக நினைத்து மாற்றி மாற்றி வளர்த்திருக்கிறார்கள். சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது. புகையாலும் இருக்கலாம்.

விளக்கிச் சொன்னபோது அமுதவேணி நம்பவில்லை. நம்ப வைக்க ஒரே வழிதான் இருந்தது. கல்லை அடுப்பிலிருந்து இறக்கி ஆற வைத்தார்கள். இருதயராஜுக்குப் போன் போட்டு, வண்டியைப் பட்டறை வெயிலில் நிறுத்தி ஏசியை முழுதாக வைக்கச் சொன்னாள். அமுதவேணி உள்ளங்கையைக் கல்லின் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அவள் முகம் மாறியது.

“இது உங்க ஊரு வெயிலா?” என்று கேட்டாள்.

ஆமாம் என்றாள் செண்பகவல்லி. அந்த வெயிலைத் திட்டாத நாள் அவள் வாழ்க்கையில் இல்லை. அது ஒரு வீட்டுக்குள் இப்படி மரியாதையாக வந்து உட்காரும் என்று அவள் நினைத்துப் பார்த்ததில்லை.

கல்லை வாங்கிக்கொண்டு வரப் போனவள் வாக்குக் கொடுத்துவிட்டு வந்தாள். அவர்கள் இனிக் கல்லை அடுப்பில் வைக்கக் கூடாது. இவள் வண்டி ஓடாத நாளிலும் காலையும் மாலையும் ஏசியைப் போட வேண்டும். மறு திங்கட்கிழமை வண்டிக்குள் காற்று ஜில்லென்று வந்தபோது பாக்கியநாதன், ‘கொடைக்கானல் ஒரு டிக்கெட்’ என்றார். அவள் நடந்ததைச் சொன்னாள். அவருக்கு அதற்குப் பிறகு வேறு வேலையே இல்லை. புள்ளை இன்றைக்கு எப்படி இருக்கிறது என்று ஏறும்போதெல்லாம் கேட்பார். அமுதவேணி படம் அனுப்புவாள், போன் கைமாறிக் கைமாறிக் கடைசி இருக்கை வரை போய்த் திரும்பும். கோடை முழுக்க இரண்டு பக்கமும் சுகமாக இருந்தது.

கார்த்திகையில்தான் வினை வந்தது. கோவில்பட்டியில் அடைமழை. மலையில் உறைபனி. அங்கே எப்போதையும் விட அதிகமாகச் சூடு தேவைப்பட்ட நேரத்தில், இங்கே யாருக்கும் குளிர் தேவைப்படவில்லை. அதுவும் போகட்டும். இயந்திரத்தில் நாலு மணி நேரம் இரத்தத்தை வெளியே எடுத்து உள்ளே விட்டுத் திரும்புகிறவர்களுக்கு வெயில் காலத்திலேயே உடம்பு நடுங்கும். மழையில் கேட்கவே வேண்டாம். அவள் போர்வைகளை வாங்கிப் போட்டாள், வெந்நீர்ப் பைகளை வைத்தாள், ஏசியை மட்டும் நிறுத்தவில்லை. சுடலைமணியின் பற்கள் அடித்துக்கொள்கிற சத்தம் ஓட்டுநர் இருக்கை வரைக்கும் கேட்டது. யாருக்காகக் குளிர் தேடி மலை ஏறினாளோ அவரையே குளிரில் வாட்டுகிறோமே என்று அவளுக்கு நெஞ்சு வலித்தது. ஒருநாள் பொறுக்க முடியாமல் பொத்தானை அணைத்தாள். சுடலைமணி பின்னாலிருந்து எழுந்து வந்து அதை மறுபடி அமுக்கிவிட்டுப் போய் உட்கார்ந்தார். 

அந்த மழையில்தான், சித்திரையில் கொடுத்த புகாரைக் கவனிக்கக் கம்பெனி ஆள் வந்து சேர்ந்தார். ஆவுடையப்பன் என்று பெயர். தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டார். உண்மையாகவே வருத்தப்பட்ட மாதிரிதான் இருந்தது. அன்று வெள்ளிக்கிழமை. வண்டி ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்புகிற நேரம். ஓடும்போதே சோதித்துக்கொள்கிறேன் என்று அவளுக்குப் பக்கத்து இருக்கையில் ஏறினார். ஏறியதும் தோளைக் குறுக்கிக்கொண்டார். வண்டிக்குள் பனிக்காற்று. கண்ணாடிகளின் வெளிப்பக்கம் ஆவி படிந்து சாலையே மங்கலாகத் தெரிந்தது. இந்த மழையில் எதற்கு ஏசி என்று கேட்டார். அவள் வைப்பரை வேகமாக்கினாள். கல்லில் ஒரு கருவியை வைத்துப் பார்த்தார், முகம் சுருங்கியது.

இதன் ஜோடி கடலில் இல்லை என்றார். கடலில் இருந்தால் எப்போதும் ஒரே சூடாக இருக்கும். இது வேறெங்கோ, காற்றில் இருக்கிறது. தவறிப்போன கற்களைத் திரும்ப எடுத்துச் செயலிழக்கச் செய்ய வேண்டும் என்பது விதி. இப்போதே கழற்றிக்கொள்கிறேன், மழைக்காலத்தில் உங்களுக்கு இது தேவையும் இல்லை, வெயில் தொடங்கும் முன் கடலில் ஜோடி உள்ள நல்ல கல்லாகக் கொண்டுவந்து மாட்டுகிறேன் என்றார். நியாயமான பேச்சு.  ஒரே ஒரு விதிவிலக்குத்தான் இருந்தது, அதையும் அவரே நேர்மையாகச் சொன்னார்: நோயாளிகளை ஏற்றுகிற வண்டியில், அவர்களுக்குக் குளிர் தேவைப்படுகிற காலத்தில், கல்லைக் கழற்றக் கூடாது.

 செண்பகவல்லி கண்ணாடியில் பின்னால் பார்த்தாள். ஐந்து பேரும் கழுத்து வரை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பாக்கியநாதன்தான் முதலில் போர்வையை விலக்கி மடித்து மடியில் வைத்தார். சுடலைமணி தவிர மற்ற மூன்று பேரும் ஒருவர் பின் ஒருவராக விலக்கினார்கள்.

“புழுக்கமால்லா இருக்கு, சார்” என்றார் பாக்கியநாதன். உதடு நீலமாக இருந்தது. “உள்ள உக்கார முடியல.”

ஆவுடையப்பன் திரும்பி ஒவ்வொருவராகப் பார்த்தார். கடைசியில் சுடலைமணியிடம் வந்து நின்றது பார்வை. இயந்திரத்திலிருந்து இறங்கி அரை மணிகூட ஆகாத மனுஷன். கை வெடவெடவென்று ஆடிக்கொண்டிருந்தது. உங்களுக்குமா என்று கேட்டார்.

சுடலைமணி சட்டையின் மேல் பொத்தானைத் தடவித் தேடிக் கழற்றினார். அதற்கு அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“வெந்து போறேன் சார்” என்றார். பிறகு முன்பக்கம் பார்த்து, “வல்லி, இன்னுங் கொஞ்சம் கூட்டி வையேன்” என்றார்.

அவள் கூட்டி வைத்தாள். ஆவுடையப்பன் கருவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு, மழையில் ஒன்றும் தெரியாத ஜன்னலைப் பார்த்தபடி கோவில்பட்டி வரைக்கும் நடுங்கிக்கொண்டே வந்தார்.